வீணோ

டூயிஸ்பூர்க், ஹோக்ஃபெல்ட். தை மாதக் குளிர்.
தண்டவாளத்தை ஒட்டிப் பூட்டிக் கிடந்த
தோட்டக் குடிலுக்குப் பின்னால்
யாரோ எறிந்த தரைவிரிப்பு என்றுதான்
சுகிர்தா நினைத்தாளாம்,
அது இருமும் வரை.

தீயணைப்புக்காரர் இருவர் வந்து
சைக்கிள் சங்கிலியை வெட்டினார்கள்.
அந்தச் சத்தத்துக்கும் அது குரைக்கவில்லை.
மூத்திரம் மட்டும் போனது,
பனியில் ஒரு மஞ்சள் ஓட்டை.

மிருக வைத்தியர் ஹார்ம்ஸ்
மூன்று மணி நேரம் மழித்தார்.
பீயும் முள்ளும் பிணைந்த சடை
ஒரே தோலாய் உரிந்து வந்தது.
தராசில் போட்டார்:
முடி இரண்டே கால் கிலோ.
நாய் எட்டு.
கழுத்தைச் சங்கிலி தின்ற பள்ளத்தில்
என் சுண்டுவிரல் படுக்கும்.

"பெயர்?" என்றார், கணினியைப் பார்த்தபடி.
நானும் சுகிர்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
தெரியாது என்று அடித்துக்கொண்டார்.

நான் கணக்குப் பார்க்கிறவன்.
முதல் நாள் அறுநூற்றுப் பதினான்கு யூரோ.
பதினொரு பல் பிடுங்க முந்நூற்று எண்பது.
காதுக்குச் சொட்டு, தோலுக்குக் களிம்பு,
களிம்பை நக்காமல் இருக்க
கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் புனல்.
அதற்குக் கோழி அவித்துக் குழைத்த சோறு,
எங்களுக்கு நேற்றைய பருப்பு.
பற்றுச்சீட்டெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில்.

சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஐந்து கிழமை.
ஆளில்லாத நேரம் பார்த்துச் சாப்பிட்டது.
ஜெர்மனில் கூப்பிட்டோம். தமிழில் கூப்பிட்டோம்.
இந்தச் சுவர், அந்தச் சுவர்.
துடைப்பத்தை எடுத்தால் மட்டும்
எல்லா மொழியும் விளங்கியது.

மாசிக் கடைசியில் ஒரு இரவு
குளியலறை வாசலில் நின்று கேட்டுவிட்டேன்:
"இவ்வளவு காசும் வீணோ?"

சுகிர்தா என்னைப் பார்க்கவில்லை.
என் காலடியைப் பார்த்தாள்.
"திருப்பிச் சொல்லுங்கோ."
சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.
"என்னத்தை?"
"கடைசியாச் சொன்னதை."
"வீணோ," என்றேன், குரலைத் தாழ்த்தி.

முதலில் புனலின் விளிம்பு.
பிறகு மூக்கு.
பிறகு வயிறு தரையில் உரச,
மழித்த தோலில் ஒட்டடையோடு
அது வந்தது.
என் காலுறைக்கு ஒரு சாண் தள்ளி
நின்று நடுங்கியது.
நானும்தான்.

மேல்வீட்டு டோரின் பார்சல் வண்டி ஓட்டுகிறவன்.
சொன்னபோது படியிலேயே உட்கார்ந்து சிரித்தான்.
எங்கள் ருமேனிய மொழியில், என்றான்,
அதற்கு 'வா' என்று அர்த்தம்.
பிறகு சிரிப்பை விட்டுவிட்டு
நெடுநேரம் அதனோடு கதைத்தான்.
அது அவன் சப்பாத்தில் நாடியை வைத்தது.
என்ன சொன்னான் என்று நாங்கள் கேட்கவில்லை.
எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அந்த மொழியில்தான் யாரோ வைதிருப்பார்கள்.
அந்த மொழியில் திட்டிக்கொண்டே
சங்கிலியைப் பூட்டியிருப்பார்கள்.
அதற்கு முன்பு எப்போதோ, குட்டியாக இருந்தபோது,
அதே மொழியில் வா என்று ஒரு கை நீண்டிருக்கிறது.
ஒரே வாய் இரண்டையும் சொல்லும்.
அது எனக்கும் தெரியும்;
நானும் ஒரு ஊரிலிருந்து வந்தவன்தான்.

எங்கள் கதவில் இருந்த காப்புச் சங்கிலியை
அன்றைக்கே கழற்றினேன்.
திருகாணி ஓட்டைகள் நான்கும் அப்படியே இருக்கின்றன.

இப்போது சித்திரை. முடி முளைத்துவிட்டது,
தேயிலைச் சாயம் போல ஒரு நிறம்.
இவ்வளவு நாளும் சாம்பல் நாய் என்றிருந்தோம்.
ரைன் கரைப் புல்வெளியில்
"வீணோ, வீணோ" என்று நான் கத்த,
உலாவ வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று
என்னத்தைத் தொலைத்தானோ என்று
இரக்கமாய்ப் பார்த்துப் போகிறது.
பின்னங்கால் ஒன்றை இழுத்தபடி அது ஓடி வருகிறது,
கேள்விக்கு ஓடி வருகிற ஒரே பிராணி.

தகரத்தில் சீட்டுகள் கிடக்கின்றன.
கூட்டிப் பார்க்கவில்லை.

சில இரவுகளில் இன்னமும்
சலவை இயந்திரத்துக்குப் பின்னால்தான் படுக்கிறது.
விளக்குப் போடாமல் எழுந்து போய்
ஒரு தடவை கேட்பேன்.
வந்தால் வரும்.